போதகர் இல்லாத சபைக்கு ஊழியரை உருவாக்குவது எப்படி?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன மர ஆலயங்கள் நிற்கின்றன. நார்வே, சுவீடன், ஜெர்மனி நாடுகளிலிருந்து போய்க் குடியேறிய விவசாயிகள் எழுப்பியவை அவை. குதிரை வண்டியில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்கு ஓர் ஆலயம் என்று கட்டினார்கள். இன்று அங்கே பண்ணைகள் பெரிதாகிவிட்டன, பண்ணைக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு ஆராதனைக்கு இருபது, முப்பது பேர் மட்டும் வருகிற லுத்தரன் சபைகள் அந்தப் பகுதியில் நிறைய உண்டு. முழுநேரப் போதகருக்குச் சம்பளமும் வீடும் கொடுக்க அவர்களுடைய காணிக்கை போதாது. பணம் இருந்தாலும், அவ்வளவு தூரம் வந்து தங்கப் போதகர் கிடைப்பது கடினம்.

அப்படியானால் ஞாயிறன்று யார் பிரசங்கம் செய்வது? நோயாளியின் வீட்டுக்கு யார் போவது? சாவு வீட்டில் யார் ஜெபிப்பது? பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது யார்?

பல சபைகள் கண்டிருக்கும் விடை ஒன்றுதான். அந்தச் சபையிலிருந்தே ஒருவரை, ஓர் ஆசிரியரையோ விவசாயியையோ ஓய்வுபெற்ற செவிலியரையோ, தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அந்தப் பொறுப்பில் நிறுத்துகிறார்கள். தான்சானியாவிலும் மடகாஸ்கரிலும் லுத்தரன் சபைகள் நெடுங்காலமாக இப்படித்தான் வளர்ந்து வருகின்றன. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கோ இது தாத்தா காலத்துப் பழக்கம். உபதேசியார் என்றால் யார் என்று நம் கிராமச் சபைகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குருப்பட்டம் பெறாமல், சபையாரில் ஒருவராகவே இருந்து ஊழியம் செய்கிற இவர்களை இந்தக் கட்டுரையில் பொதுநிலை ஊழியர் என்று குறிப்பிடுகிறேன். இவர்களைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இவரை அழைத்தது யார்? இவர் என்ன கற்றிருக்கிறார்? இவர் யாருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறார்? மூன்றுக்கும் தெளிவான விடை இருக்கிற இடத்தில் போதகர் இல்லாத சபையும் தழைக்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் சபைக்கும் கேடு, அந்த ஊழியருக்கும் கேடு.

எல்லாரும் ஆசாரியர்கள், ஆனால் எல்லாரும் போதகர்கள் அல்ல

1520இல் மார்ட்டின் லுத்தர் ஜெர்மன் தேசத்துக் கிறிஸ்தவப் பிரபுக்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தேவனுக்கு முன்பாக ஆசாரியரே என்பது அதன் மையக் கருத்துகளில் ஒன்று. அதை விளக்க அவர் ஓர் உதாரணம் சொன்னார். சில கிறிஸ்தவர்கள் சிறைபிடிக்கப்பட்டு ஒரு வனாந்தரத்தில் விடப்படுகிறார்கள். அவர்களிடையே குருவானவர் ஒருவரும் இல்லை. அவர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து நடத்தவும் பாவமன்னிப்புக் கூறவும் பிரசங்கிக்கவும் பொறுப்புக் கொடுத்தால், அவர் மெய்யான குருவே என்றார் லுத்தர். பேராயர்களும் போப்பும் கூடிப் பட்டம் கொடுத்தவருக்கு அவர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல என்பது அவர் வாதம்.

இதைப் படித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பிரசங்க பீடத்தில் ஏறலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த உதாரணத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: கூடி வந்தவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக உள்ள உரிமையை, மற்றவர்களுடைய சம்மதம் இல்லாமல் தனி ஒருவர் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று லுத்தரே அந்த மடலில் சொல்கிறார்.

பத்து ஆண்டுகளுக்குப் பின் 1530இல் உருவான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை இதையே சட்டமாக வைத்தது. முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ சாக்கிரமெந்துகளை வழங்கவோ கூடாது என்கிறது அதன் 14ஆவது பிரிவு. 5ஆவது பிரிவு, ஜனங்கள் விசுவாசத்தை அடையும்படி தேவனே வசனத்தின் ஊழியத்தை ஏற்படுத்தினார் என்கிறது. 7ஆவது பிரிவு, சுவிசேஷம் தூய்மையாகப் போதிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் சரியாக வழங்கப்படுகிற விசுவாசிகளின் கூட்டமே சபை என்கிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் கேள்வியின் கூர்மை புரியும். வசனமும் சாக்கிரமெந்தும் இல்லாமல் சபை இல்லை. அவற்றை வழங்க, அழைக்கப்பட்ட ஒருவர் வேண்டும். போதகர் கிடைக்காத ஊரில், வசனமில்லாமல் சபையைப் பட்டினி போடுவதும் தவறு, அழைப்பில்லாத ஒருவர் தானே முன்வந்து நடத்துவதும் தவறு. இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையிலுள்ள வழியைத்தான் ஐந்நூறு ஆண்டுகளாக லுத்தரன் சபைகள் தேடி வந்திருக்கின்றன.

பழைய காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

லுத்தர் காலத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. நல்ல குருமார் கிடைக்காமல் தவித்த பொகீமியா நாட்டவர்களுக்கு 1523இல் அவர் ஒரு நூல் எழுதினார். தகாத வழியில் பட்டம் பெற்றவர்களை ஏற்பதைவிட, வீட்டுத் தலைவர் தம் குடும்பத்துக்குச் சுவிசேஷத்தை வாசித்துக் காட்டுவது நல்லது என்றார். பிறகு சபையே கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்றும் வழிகாட்டினார்.

பிரசங்கம் தயாரிக்கத் திறமை இல்லாத குருமாருக்காக, ஞாயிறுதோறும் வாசிக்கத்தக்க பிரசங்கத் தொகுப்புகளை அவர் வெளியிட்டார். பிறகு சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளை நேரில் பார்வையிட்டபோது, ஜனங்களுக்கும் பல குருமாருக்கும் அடிப்படை உபதேசமே தெரியவில்லை என்று கண்டு மனம் நொந்தார். அதன் விளைவாக 1529இல் வந்ததுதான் சிறு ஞானோபதேசம். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகியவற்றைக் கேள்வியும் பதிலுமாக விளக்கும் சிறு நூல் அது. பயிற்சி குறைந்தவர் கையிலும் சபை உபதேசம் பிசகாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்தது. இன்றும் பொதுநிலை ஊழியர் பயிற்சியின் முதல் பாடநூல் அதுவே.

தரங்கம்பாடிக்கு வருவோம். 1706 ஜூலை 9ஆம் தேதி லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே கரை இறங்கினார்கள். இரண்டு பேரைக் கொண்டு ஊர் ஊராகச் சபை வளர்க்க முடியாது என்பது சீகன்பால்குக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. 1716இல் உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் 1719இல் மறைந்தார். ஆனால் அவர் தொடங்கிய பயிற்சி நிற்கவில்லை. உபதேசியாராக உழைத்த ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் குரு அவர்தான்.

ஐரோப்பிய மிஷனரிகள் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டில் சபைகளைக் கட்டிய பெருமை இராஜநாயக்கன் என்ற உபதேசியாரைச் சேரும். தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர். பல பத்தாண்டுகள் உழைத்தும் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்படவில்லை. அவர் பிறந்த சாதி தடையாக நின்றது. உயர்சாதியார் ஏற்க மாட்டார்கள் என்ற அச்சத்துக்கு மிஷன் பணிந்துபோனது. பொதுநிலை ஊழியத்தின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த அநியாயத்தை மறைக்கக் கூடாது. பயிற்சி இருந்தது, கனி இருந்தது, அழைப்பை உறுதிசெய்ய வேண்டிய சபை பின்வாங்கியது. முதல் கேள்வியில் நம் சபையே தோற்ற இடம் அது.

பாளையங்கோட்டையின் கதையும் இதே காலத்ததுதான். குளோரிந்தா என்ற பெண்மணியைச் சுற்றி உருவான சிறு கூட்டத்தின் 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருந்தன. போதகரான சுவார்ட்ஸ் இருந்ததோ தஞ்சையில். இடைக்காலத்தில் அந்தச் சபையைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். அவர்களில் ஒருவரான சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். திருநெல்வேலித் திருச்சபையின் வேர் இந்த நாற்பது பேரும் அவர்களைப் பராமரித்த உபதேசியார்களும்தான்.

இன்னொரு பக்கம் சோவியத் நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1930களின் இறுதிக்குள் அங்கே லுத்தரன் போதகர்கள் சிறையிலோ கல்லறையிலோ இருந்தார்கள். ஆலயங்கள் மூடப்பட்டன. 1941இல் வோல்கா ஆற்றங்கரை ஜெர்மானியர்கள் கஜகஸ்தானுக்கும் சைபீரியாவுக்கும் நாடுகடத்தப்பட்டார்கள். ஆண்களில் பெரும்பாலானோர் கட்டாய உழைப்பு முகாம்களுக்குப் போக, வீடுகளில் ஜெபக்கூட்டங்களை நடத்தியவர்கள் வயதான பெண்கள். கையால் எழுதிய பாட்டுப் புத்தகங்களையும் பழைய பிரசங்கத் தொகுப்புகளையும் ஒளித்துவைத்து வாசித்தார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இறந்தவர்களை ஜெபத்தோடு அடக்கம் செய்தார்கள். ரீகா நகரப் போதகர் ஹரால்டு கால்னின்ஸ் 1988இல் இந்த ஜெர்மானியச் சபைகளின் பேராயராக ஏற்படுத்தப்பட்டபோது, அவர் பொறுப்பேற்ற சபைகளில் பெரும்பாலானவை இப்படிப் பொதுநிலை ஊழியர்களால் காப்பாற்றப்பட்டவை.

இன்றைய ஏற்பாடுகள்

அமெரிக்காவிலுள்ள பெரிய லுத்தரன் சபை, 1988இல் மூன்று சபைகள் இணைந்து உருவான அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. அதன் சட்டப்படி, குருப்பட்டம் பெற்ற போதகரைக் கொடுக்க இயலாத சபைக்குப் பேராயர் ஒரு பொதுநிலை ஊழியரை நியமிக்கலாம். அந்த அனுமதியைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலிகளைக் கவனியுங்கள். சபையின் சம்மதம் வேண்டும். பேராயர் தம் பேராயத்தின் ஆட்சி மன்றத்தைக் கலந்து பேச வேண்டும். அனுமதி குறிப்பிட்ட ஒரு சபைக்கும் குறிப்பிட்ட ஒரு காலத்துக்கும் மட்டுமே. பேராயர் நியமிக்கும் ஒரு போதகர் அந்த ஊழியரை மேற்பார்வையிட வேண்டும். ஒரு சபையில் நடத்தியவர் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்த் தானாக நடத்த முடியாது. காலம் முடிந்தால் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு பெரிய சபையான மிசூரி சினாடு இதே கேள்வியில் வேறு முடிவுக்கு வந்தது. 1989இல் கூடிய அதன் மாநாடு, உரிமம் பெற்ற பொதுநிலை உதவிக்காரர்கள் தேவையுள்ள இடங்களில் பிரசங்கிக்கவும் சாக்கிரமெந்து வழங்கவும் வழி திறந்தது. அழைப்பும் குருப்பட்டமும் இல்லாமல் இப்படிச் செய்வது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 14ஆவது பிரிவுக்கு ஒத்துவருமா என்ற விவாதம் ஓயவில்லை. 2016இல் மில்வாக்கி மாநாடு அந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களைத் தேர்வுசெய்து குருப்பட்டத்துக்குக் கொண்டுவர வழி செய்தார்கள். சொந்த ஊரில் ஊழியம் செய்துகொண்டே தொலைவழியில் இறையியல் கற்றுக் குருப்பட்டம் பெறும் திட்டத்தை அதற்கு முன்பே, 2007இல், ஏற்படுத்தியிருந்தார்கள்.

இரண்டு சபைகளும் வேறு வேறு முடிவு எடுத்ததாகத் தோன்றலாம். ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாத ஊழியம் கூடாது என்பதில் இரண்டும் ஒன்றுதான். சாக்கிரமெந்து வழங்குகிறவருக்குக் குருப்பட்டம் கட்டாயமா என்பதில்தான் வேறுபாடு.

தான்சானியாவில் ஏற்பாடு இன்னொரு விதம். ஒரு போதகரின் பொறுப்பில் பல சிறு சபைகள் சேர்ந்த ஒரு குருசேகரம் இருக்கும். ஒவ்வொரு சிறு சபையிலும் ஒரு சுவிசேஷகர் தங்கியிருந்து ஆராதனை நடத்துகிறார், பிரசங்கிக்கிறார், பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்குத் தயார் செய்கிறார். கிளிமஞ்சாரோ மலையடிவாரத்திலுள்ள ம்விகா போன்ற வேதாகமப் பள்ளிகளில் இவர்கள் படித்தவர்கள். போதகர் முறை வைத்து வந்து சாக்கிரமெந்துகளை வழங்குகிறார். நம் ஊர் உபதேசியாரும் ஐயரும் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா?

மடகாஸ்கரில் 1894இல் ரைனிசோலாம்போ என்பவர் வழியாகச் சோவாதனானா என்ற ஊரில் ஓர் எழுப்புதல் தொடங்கியது. அதிலிருந்து வந்த பொதுநிலை ஊழியர்களை மேய்ப்பர்கள் என்று அழைக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, வெள்ளை அங்கி உடுத்தி, நோயுற்றோருக்காகவும் மனம் கலங்கியோருக்காகவும் ஊழியம் செய்கிறார்கள்.

பயிற்சியில் என்ன கற்பிக்க வேண்டும்?

வேதாகம அறிமுகம், லுத்தரன் உபதேசம், சபை வரலாறு, ஆராதனை முறை, பிரசங்கம், மேய்ப்புப் பணி. பெரும்பாலான பயிற்சித் திட்டங்களின் சட்டகம் இதுதான். வேலை செய்கிறவர்கள் என்பதால் சனிக்கிழமை வகுப்புகள், விடுமுறை முகாம்கள், இணைய வழிப் பாடங்கள் என்று பிரித்து, இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிப்பார்கள். இவற்றில் இரண்டை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது பிரசங்கம். லுத்தரன் பிரசங்கத்தின் உயிர், நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பகுத்தறிவது. நியாயப்பிரமாணம் தேவன் நம்மிடம் கேட்பதைச் சொல்லி நம் பாவத்தைக் காட்டுகிறது. சுவிசேஷம் தேவன் கிறிஸ்துவுக்குள் நமக்குச் செய்ததைச் சொல்லி நம்மைத் தூக்கி நிறுத்துகிறது. புதிதாகப் பிரசங்கிக்கிறவர் சறுக்கும் இடம் இதுதான்.

லூக்கா 15ஆம் அதிகாரத்திலுள்ள கெட்ட குமாரன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில்லாதவர் பெரும்பாலும், பிள்ளைகள் பெற்றோர் சொல் கேட்க வேண்டும், ஊதாரியாகத் திரியக் கூடாது, திருந்தி வர வேண்டும் என்று முடிப்பார். கேட்பவர் தலைகுனிந்து வீடு போவார், அவ்வளவுதான். பயிற்சி பெற்றவரோ முதலில் உவமையில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்பார். இளையவன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனதில் நம் பாவத்தைக் காட்டுவார். வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்தவனிடமும் நம் முகத்தைக் காட்டுவார், ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கு அந்த இடம் சுடும். பிறகு தகப்பனிடம் வருவார். மகன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளை முழுவதும் சொல்லி முடிக்கும் முன்பே தகப்பன் அங்கியும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மூத்தவனையும் தேடி அவர்தான் வெளியே வருகிறார். திருந்தியதற்குக் கூலியாக வரவேற்பு கிடைக்கவில்லை, தகப்பனின் இரக்கமே முந்திக்கொண்டது என்று முடிப்பார். பாரத்தோடு வந்தவர் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு நிமிர்ந்து வீடு போவார்.

இந்த வித்தியாசத்தை ஒருவர் உணர ஒரு வகுப்பு போதாது. எழுதி, மேற்பார்வைப் போதகரிடம் காட்டி, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். அதனால்தான் நல்ல திட்டங்கள் ஆரம்பத்தில் சொந்தப் பிரசங்கத்தை அவசரப்படுத்துவதில்லை. போதகர் எழுதிக் கொடுத்த பிரசங்கத்தைத் தெளிவாக வாசிக்கச் சொல்கின்றன. லுத்தர் காலத்திலும் கஜகஸ்தான் வீடுகளிலும் சபையைப் போஷித்த முறை அது. நன்றாக வாசிக்கப்பட்ட நல்ல பிரசங்கத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஆராதனையும் சாக்கிரமெந்தும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது இங்கே மிகத் தெளிவாக இருக்க வேண்டும். பாவ அறிக்கைக்குப் பின் போதகர், அழைக்கப்பட்ட ஊழியர் என்ற முறையில், நேரடியாகப் பாவமன்னிப்பை அறிவிப்பார். பல சபைகளில் பொதுநிலை ஊழியர் அந்த இடத்தில் தேவனுடைய மன்னிப்பைச் சொல்லும் வேதவசனத்தை அறிவிப்பார். திருவிருந்து பற்றி ஒவ்வொரு சபையின் சட்டமும் வேறு. சில இடங்களில் பேராயரின் எழுத்து மூலமான அனுமதியோடு பொதுநிலை ஊழியரே நடத்தலாம். சில இடங்களில் போதகர் வரும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு, போதகர் நடத்திய ஆராதனையிலிருந்து அன்றே அப்பமும் இரசமும் எடுத்துச் செல்ல அனுமதிக்கும் சபைகளும் உண்டு.

ஞானஸ்நானத்தில் ஒரு விதிவிலக்கை ஒவ்வொரு பொதுநிலை ஊழியரும், சொல்லப்போனால் ஒவ்வொரு விசுவாசியும், தெரிந்திருக்க வேண்டும். குழந்தை உயிருக்குப் போராடும்போது போதகருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கிறிஸ்தவரும் தண்ணீர் எடுத்து, குழந்தையின் பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது முழுமையான ஞானஸ்நானம். குழந்தை பிழைத்தால் மறுபடி கொடுப்பதில்லை, ஆலயத்துக்குக் கொண்டுவந்து சபைக்கு அறிவித்து ஜெபிப்பார்கள். தேதி, இடம், கொடுத்தவர், சாட்சிகள் ஆகிய விவரங்களை உடனே போதகருக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

மேய்ப்புப் பணியில் கற்க வேண்டியது பெரும்பாலும் வாயை அடக்குவதுதான். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்பது, சின்ன ஜெபம் செய்வது, சீக்கிரம் எழுந்து வருவது. கேட்ட குடும்ப ரகசியம் தெருவில் பேச்சாகக் கூடாது. பிள்ளைகளோடு பழகும்போது இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் என்று மூடிவைக்காமல் உரியவர்களிடம் சொல்ல வேண்டும். காணிக்கையை எப்போதும் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இவையெல்லாம் சின்ன விதிகள் போலத் தெரியும். சபைகள் உடைவது பெரும்பாலும் உபதேசத்தால் அல்ல, இவற்றை அசட்டை செய்வதால்தான்.

பயிற்சி முடிந்த பிறகு

சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததென்று பல இடங்களில் நினைக்கிறார்கள். உண்மையில் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சொந்த ஊரில் ஊழியம் செய்கிறவருக்கு நாலா பக்கமும் உறவினர்கள். பங்காளிச் சண்டையில் ஒரு தரப்பில் அவர் அண்ணன் இருப்பார், மறுதரப்பில் மைத்துனர் இருப்பார். யாரைக் கண்டிப்பார், யாரிடம் மனம் விட்டுப் பேசுவார்? தனித்து விடப்பட்டால் ஒன்று அவர் சோர்ந்து விலகுவார், இல்லையென்றால் சபையைத் தம் குடும்பச் சொத்தாக்கிக்கொள்வார்.

மேற்பார்வைப் போதகர் வேண்டும் என்று சட்டங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். மாதம் ஒரு முறையாவது இருவரும் சந்தித்து, செய்த பிரசங்கங்களைப் பார்க்க வேண்டும், நடந்த சந்திப்புகளைப் பேச வேண்டும், ஒன்றாக ஜெபிக்க வேண்டும். அதே பணியிலுள்ள மற்ற ஊழியர்களோடு ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறையாவது கூடி வருவதும் தேவை. பயணச் செலவையும் புத்தகச் செலவையும் சபை ஏற்க வேண்டும். பொதுநிலை ஊழியம் என்றால் இலவச ஊழியம் என்று எண்ணுவது அநீதி.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. போதகருக்குச் சம்பளம் கொடுக்காமல் தப்பிக்கும் வழியாகச் சபைகள் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தக் கூடாது. எபிரேயமும் கிரேக்கமும் படித்து, இறையியலில் ஆண்டுக்கணக்கில் ஊறிய போதகர்கள் இல்லாமல் போனால், பொதுநிலை ஊழியரைப் பயிற்றுவிக்கவே ஆள் இருக்காது. இரண்டு ஊழியங்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

தமிழ்ச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்

1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் குருசேகரங்களிலும் ஒரு போதகர் பல கிராமங்களைக் கவனிக்கிறார். அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனையைத் தாங்குபவர்கள் உபதேசியார்களும் மூப்பர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும்தான். சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரி இருக்கிறது. கற்பிக்கும் திறன் நம்மிடம் உண்டு. அதைக் கிராமத்துச் சபை ஊழியரின் கைக்கு எட்டும்படி கொண்டுபோவதுதான் இனிச் செய்ய வேண்டியது.

அதற்கு ஒவ்வொரு சபையும் இன்றே தொடங்கக்கூடிய காரியங்கள் உண்டு. சபை மன்றக் கூட்டத்தில் மூன்று கேள்விகளையும் எடுத்து வையுங்கள். போதகர் இல்லாத ஞாயிறுகளில் நம் ஆராதனையை நடத்துபவரைச் சபை வெளிப்படையாக அழைத்திருக்கிறதா, அல்லது வேறு ஆளில்லை என்று அவர் தலையில் கட்டிவிட்டோமா? அவர் படிக்க என்ன ஏற்பாடு செய்தோம்? அவருக்குத் துணை நிற்கும் போதகர் யார்? பெண்களையும், சாதியின் பெயரால் பின்னுக்குத் தள்ளப்பட்டவர்களையும் அழைக்கத் தயங்குகிறோமா என்றும் மனசாட்சியோடு கேளுங்கள். இராஜநாயக்கனுக்கு இழைத்த அநியாயத்தை இன்னொரு தலைமுறைக்கு இழைக்க வேண்டாம்.

பிறகு, உங்கள் சபையில் வேதத்தை நேசிக்கிற, நாவை அடக்கத் தெரிந்த, ஊரில் நற்சாட்சி பெற்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவரைச் சபையாகக் கூடி அழையுங்கள், அவர் பயிற்சிக்குப் போகிற செலவைச் சபையே ஏற்றுக்கொள்ளுங்கள். அவருடைய முதல் பாடமாகச் சிறு ஞானோபதேசத்தை அவர் கையில் கொடுங்கள், நீங்களும் அவரோடு சேர்ந்து படியுங்கள்.